குவாய் ஆற்றுப் பாலமும் எருமையும்: பழைய பிரிட்டிஷ் போர்ப்படங்களை எவ்வளவு நம்பலாம்?

வாசகர் கேள்வி, 4 ஜனவரி

1950, 60களில் வந்த பிரிட்டிஷ் போர்ப்படங்கள் ஹாலிவுட் மாதிரி இல்லை. கொடி ஆட்டுவதில்லை, வீரவசனம் கிடையாது, நடந்ததை நடந்தபடி அடக்கமாகக் காட்டுகின்றன என்பது என் எண்ணம். டேம் பஸ்டர்ஸ், ரிவர் குவாய், ஜூலு மூன்றும் பார்த்துவிட்டேன். எல்லாமே கப்ஸா என்கிறான் அறைத்தோழன். வரலாற்றுக்கு நெருக்கமான படம் எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதைப் பார்க்கிறேன்.

4 ஜனவரி, இரவு 10.50

அடக்கம் என்று சொன்னீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வசனம் பேசாமல் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு நடந்து போவதுதான் அவர்கள் ஊர் பஞ்ச் டயலாக். நம்ம ஆள் துண்டைச் சுழற்றுவான். அவங்க ஆள் கால் போன பிறகும் "இன்றைக்குக் கொஞ்சம் சிரமமாகிவிட்டது" என்பான். இரண்டுக்கும் தியேட்டரில் விழுவது ஒரே விசில்தான்.

டேம் பஸ்டர்ஸ் (1955) பெரும்பாலும் உண்மை. 1943 மே 16 இரவு பிரிட்டனின் 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள், 133 பேர், ஜெர்மனியின் அணைகள், தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகும் குண்டு. மோனே, ஈடர் அணைகள் உடைந்தன, சோர்ப்பே உடையவில்லை. 8 விமானங்கள் திரும்பவில்லை. படத்தில் இதில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.

குண்டின் வடிவம் மட்டும் தப்பு. மற்றதை நாளைக்குச் சொல்கிறேன்.

5 ஜனவரி, காலை 7.20

குண்டு வடிவம். நிஜத்தில் அது எண்ணெய் பீப்பாய் மாதிரி ஓர் உருளை. விமானத்தின் அடிவயிற்றில் குறுக்கே மாட்டி, நிமிடத்துக்கு 500 சுற்று பின்பக்கமாகச் சுழலவிட்டுப் போட்டார்கள். படத்தில் உருண்டையாக ஏதோ ஒன்று விழுகிறது. இணையத்தில் இதை வைத்து இயக்குநரை ஏசாத ஆள் இல்லை. பாவம், அவர் என்ன செய்வார்? 1955இலும் அது ராணுவ ரகசியம். அசல் சோதனைப் படச்சுருளைக் கொடுத்தார்கள், ஆனால் அதில் குண்டு வரும் இடத்தை மறைத்துப் பூசிக் கொடுத்தார்கள். நம் வீட்டில் கல்யாண ஆல்பத்தில் பிடிக்காத மாப்பிள்ளை முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவோமே, அந்தக் கதை.

ஆகவே இது பொய்யில் சேராது. பொய் என்றால் இரட்டை விளக்கு சீன். தாழப் பறக்க உயரம் தெரிய வேண்டும். 60 அடிதான், இருட்டு, கீழே தண்ணீர். படத்தில் விமானப்படையின் தலைவர் கிப்சன் நாடகக் கொட்டகைக்குப் போகிறார், மேடையில் இரண்டு விளக்குகள் ஒரு புள்ளியில் கூடுவதைப் பார்க்கிறார், மூளையில் பளிச். நிஜத்தில் யோசனை சொன்னவர் பெஞ்சமின் லாக்ஸ்பைசர் என்ற அரசு விஞ்ஞானி. ஒரு கோப்பு, ஒரு கூட்டம், முடிந்தது. கோப்பை வைத்து சீன் எடுக்க முடியாதே, கதாநாயகனிடம் கொடுத்துவிட்டார்கள். இந்த வகைப் பொய்மேல் எனக்குக் கோபமில்லை. நம் ஊரில் எத்தனை குமாஸ்தாக்களின் யோசனை கலெக்டர் பெயரில் கல்வெட்டாகியிருக்கிறது.

5 ஜனவரி, மதியம்

காலையில் எழுதியதைப் படித்தேன். ரொம்பப் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறேன். முக்கியமானதை விட்டுவிட்டேன்.

படம் முடியும்போது குண்டைக் கண்டுபிடித்த பார்ன்ஸ் வாலிஸ் 56 பேர் திரும்பவில்லையே என்று உடைந்துபோகிறார். (53 பேர் செத்தார்கள், 3 பேர் கைதானார்கள்.) கிப்சன் கடிதங்கள் எழுதவேண்டும் என்று தனியாக நடந்துபோகிறார். எனக்கே கண் கலங்கும். ஆனால் மோனே அணைக்குக் கீழே பள்ளத்தாக்கில் 1,200 பேருக்கு மேல் தண்ணீரில் போனார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஜெர்மானியரே இல்லை. போர்க்கைதிகள், பிடித்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள். நெஹைம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முகாம், உக்ரைன் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். பூட்டிய முகாமுக்குள் வெள்ளம் வந்தது.

படத்திலும் வெள்ளம் வருகிறது. யாரைக் கொண்டுபோகிறது என்று தெரியாது. எல்லா எண்ணும் சரி, தேதி சரி, அணை சரி. இப்படிச் சரியாக இருப்பதாலேயே விட்டுப்போனது கண்ணில் படுவதில்லை. கணக்கில் ஒரு பைசா பிசகாத கணக்குப்பிள்ளைமேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

5 ஜனவரி, இரவு

சம்பந்தமில்லாமல் ஒன்று. கிப்சனாக நடித்த ரிச்சர்ட் டாட் நிஜத்தில் பாராசூட் படை அதிகாரி. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் ஒரு பாலத்தைக் கைப்பற்றியிருந்த மேஜர் ஹோவர்டுக்கு உதவியாகப் போன படையில் இருந்தவர். 1962இல் அந்த நாளைப் பற்றி ஒரு பெரிய படம் எடுத்தபோது அதே ஹோவர்டாக நடித்தார். அதாவது, தான் உதவிக்குப் போன ஆளாகவே நின்று, தனக்காகக் காத்திருந்தார். இதை யோசித்துக்கொண்டே ஒரு மணி நேரம் தூங்காமல் கிடந்தேன்.

7 ஜனவரி

"ஜூலு பற்றி ஏன் பேசவில்லை" என்று கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக. 1879 ஜனவரி 22, 23, தென்னாப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிஃப்ட். பிரிட்டிஷ் ஆட்கள் 150 பேர் அளவில் உள்ளே, 3,000க்கு மேல் ஜூலு வீரர்கள் வெளியே, 11 விக்டோரியா கிராஸ் (பிரிட்டனின் உச்ச வீர விருது). படம் 1964. வேல்ஸ்காரர்கள் ஊர்ப் பாட்டைப் பாடி நிற்கிறார்களே, பாடவில்லை. அந்தப் படைப்பிரிவின் பெயரே அப்போது வார்விக்ஷயர், வேல்ஸ் பெயர் வந்தது 1881இல். கடைசியில் ஜூலுக்கள் வீரத்தைப் பாராட்டி மரியாதை செலுத்துகிறார்களே, அதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்களைப் பலரைச் சண்டை முடிந்தபின் கொன்றார்கள். தோற்றவன் வந்து கும்பிட்டால்தான் ஜெயித்தவனுக்குத் தூக்கம் வரும்போல.

பாவப்பட்டவர் ஹென்றி ஹூக். ஒழுங்கான சிப்பாய், விக்டோரியா கிராஸ் வாங்கியவர். படத்தில் குடிகாரன், வேலைக்கள்ளன். கதைக்கு ஒரு போக்கிரி திருந்த வேண்டியிருந்தது, கையில் அகப்பட்டவர் இவர்.

ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவாக நடித்தவர் புத்தெலெசி, அந்த மன்னரின் கொள்ளுப்பேரன், பின்னாளில் பெரிய அரசியல்வாதி. அந்தப் படத்தில் வரலாற்றுக்கு ரத்தசம்பந்தம் உள்ள முகம் அது.

9 ஜனவரி, இரவு 11.30

ரிவர் குவாய். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

முதலில் பார்த்தது 1991, திருச்சியில் கல்லூரி விடுதி, வாடகை டெக். விடிய விடிய மூன்று படம், இது இரண்டாவது. கர்னல் போகி ட்யூனை விசிலடித்துக்கொண்டு கிழிந்த சட்டையோடு வரிசையாக வருவார்களே, அறை முழுக்க விசில். ஒரு வாரம் மெஸ் வரிசையில் அதே விசில். அந்த ட்யூனுக்கு இங்கிலாந்துச் சிப்பாய்கள் ஹிட்லரின் அந்தரங்க உறுப்பைப் பற்றிப் பாட்டுக் கட்டியிருந்தார்கள், படத்தில் வார்த்தை போட முடியாமல்தான் விசில் என்பது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வார்டன் காதில் விழும்படி இன்னும் சத்தமாக அடித்திருப்போம்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பாயியிடம் கதை சொன்னேன். ஜப்பான்காரன், காடு, ரயில் பாலம், வெள்ளைக்காரக் கைதிகள். முசிறிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாயி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தது. "வெள்ளக்காரன் போட்ட தண்டவாளமா அது? எந்தம்பியல்லடா கொண்டுபோயி சப்பான்காரன் பலி குடுத்தான்" என்றது.

அதுவரை அப்பாயிக்குத் தம்பி இருந்தது எனக்குத் தெரியாது.

10 ஜனவரி

தொடர்ச்சி. சின்னத்தாத்தா 1930களின் நடுவில் மலாயாவுக்குப் போனவர், பால்மரத் தோட்டத்துக்கு. கெடா பக்கம் என்பது மட்டும் வீட்டில் தெரியும். "சயாமுக்குப் போனவன்" என்றுதான் அப்பாயி சொல்லும், பெயர் சொல்லாது. மலேசியத் தமிழர்களுக்கு "சயாம் மரண ரயில்" என்றால் விளக்கம் தேவையில்லை. எங்கள் பக்கம் அது ஒரு கிழவியின் முணுமுணுப்பு.

கணக்கு இது. ஜப்பான்காரன் போட்ட அந்த ரயில் பாதை சயாமில் (இன்றைய தாய்லாந்து) பான்போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூஸயாத் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேல், பெரும்பாலும் தமிழர்கள். ஆசியர்களில் இறந்தவர்கள் 90,000 வரை என்கிறார்கள். "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது, அதிகாரி இருந்தார், ராணுவ டாக்டர் இருந்தார், யாராவது ஒருவர் ஒளித்துவைத்து நாட்குறிப்பு எழுதினார். 1943 மழையில் வாந்திபேதி வந்தபோது தோட்டத்து ஆட்களுக்கு இது ஒன்றும் இல்லை. காஞ்சனபுரி போர்க்கல்லறையில் 6,982 கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், வரிசை வரிசையாக, புல் வெட்டி. தமிழன் எங்கே கிடக்கிறான் என்பதற்கு அந்தப் பக்கத்துக் கரும்புக்காடுகளைத்தான் கேட்க வேண்டும்.

படத்தில் ஆசியத் தொழிலாளி முகாம் ஒன்றுகூட இல்லை. பாலத்தைத் தகர்க்க வரும் கமாண்டோக்களுக்குச் சுமை தூக்கும் அழகான பெண்கள் உண்டு.

10 ஜனவரி, சற்று நேரம் கழித்து

மேலே "குவாய் ஆற்றின் பாலம் உண்மையில் இருந்ததா" என்று ஒருவர். இருந்தது, ரெண்டு. ஒரு மரப்பாலம், ஒரு இரும்புப் பாலம், குவாய் ஆற்றின்மேல், 1943இல் முடித்தார்கள். ஒன்றையும் எந்த கமாண்டோவும் வெடி வைக்கவில்லை, பின்னால் விமானங்கள் குண்டு போட்டன.

11 ஜனவரி

தப்பு, தப்பு. நேற்று எழுதியதில் ஒரு வார்த்தையை அடித்துவிடுங்கள்: "குவாய் ஆற்றின்மேல்".

அந்தப் பாலம் இருப்பது மே கிளாங் ஆற்றின்மேல். படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பியர் பூல் அந்த இடத்துக்குப் போனதே இல்லை. ரயில் பாதை குவே நோய் ஆற்றை ஒட்டிப் போகிறது என்று தெரிந்து, பாலமும் அதன்மேல்தான் இருக்கும் என்று எழுதிவிட்டார். படம் ஓடு ஓடென்று ஓடியது. டூரிஸ்ட் வந்து "குவாய் பாலம் எங்கே" என்று கேட்க ஆரம்பித்தான். பாலம் இருக்கிறது, குவாய் இல்லை. தாய்லாந்து என்ன செய்தது தெரியுமா? 1960இல் அந்தப் பகுதி ஆற்றின் பெயரையே குவே யாய் என்று மாற்றிவிட்டது. படம் வரலாற்றோடு பொருந்தாவிட்டால் நாம் படத்தைத் திட்டுவோம். அங்கே வரலாற்றுக்குச் சொந்தமான ஆற்றைப் படத்தோடு பொருத்திவிட்டார்கள்.

இன்னொன்று. தாய் மொழியில் "குவே" என்றால் கிளையாறு. நாமும் ஆங்கிலேயரும் சொல்கிற "குவாய்" என்றால் எருமை. ஏழு ஆஸ்கர் வாங்கிய எருமை ஆற்றுப் பாலம்.

11 ஜனவரி, இரவு

எருமை ஜோக்கை மூன்று பேருக்கு ஃபார்வர்ட் செய்தாயிற்று. இப்போது சீரியஸ்.

இந்தப் படத்தை எதிர்த்து பிரிட்டனில் குரல் வந்தது. யாரிடமிருந்து என்றால், அங்கே கைதியாக இருந்தவர்களிடமிருந்து. நியாயம்தான். தமர்க்கான் முகாமில் பாலம் கட்டிய கைதிகளின் நிஜ அதிகாரி லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூஸி. அவர் அலெக் கின்னஸ் நடித்த நிக்கல்சன் மாதிரி எதிரிக்குப் பாலம் கட்டுவதில் பெருமைப்பட்டவர் இல்லை. தன் ஆட்களை உயிரோடு வைக்கப் போராடினார். கரையான் பிடித்து வந்து மரத்தூணில் விட்டார்கள், கான்கிரீட் கலவையைக் கெடுத்தார்கள். அவரைக் காட்டிக்கொடுத்தவர் மாதிரிக் காட்டினால் கூட இருந்தவனுக்கு எரியாதா?

எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் பெர்சிவல். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் கொடுத்துவிட்டுக் கைதியானாரே, அவரேதான். இது கற்பனைக் கதை என்று படத்தில் ஒரு வரி போட வைத்தார். பிரிட்டிஷ் அதிகாரியின் மானத்துக்கு ஒரு வரி கிடைத்தது. சிங்கப்பூரையும் மலாயாவையும் அவர் விட்டுக்கொடுத்ததால் யார் ஜப்பான்காரன் கையில் மாட்டினார்களோ அவர்களுக்கு அரை வரியும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. அவரைத் தனியாகக் குறை சொல்ல ஆசைதான், ஆனால் 1957இல் சென்னையில் யாராவது கேட்டார்களா? எனக்குத் தெரிந்து அப்பாயி ஒன்றுதான் கேட்டது, அதுவும் 1991இல், என்னிடம்.

12 ஜனவரி

"அப்படியானால் குவாய் பிரிட்டிஷ் தேசியப் புராணம்தானே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அதுதான் இல்லை. தோண்டத் தோண்ட அது பிரிட்டிஷ் கதையே இல்லை.

பூல் பிரெஞ்சுக்காரர். போரின்போது இந்தோசீனாவில், ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி பிரெஞ்சு அரசின் ஆட்களே அவரைப் பிடித்துக் கடுங்காவல் போட்டார்கள். எதிரிக்கு ஒத்தூதிய பிரெஞ்சு அதிகாரிகளை மனதில் வைத்துத்தான் நிக்கல்சனை எழுதினேன் என்று அவரே சொன்னார். அந்த வெட்கக்கேட்டுக்கு பிரிட்டிஷ் சீருடை மாட்டிவிட்டார், அவ்வளவுதான். பணம் அமெரிக்காவுடையது. திரைக்கதை எழுதியவர்கள் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்டுப் பெயர் போட முடியாத இரண்டு அமெரிக்கர்கள். ஆஸ்கர் பூலுக்குப் போனது, அவருக்கு ஆங்கிலம் எழுதவே வராது. 1984இல்தான் அந்த இருவருக்கும் விருது போனது, இருவரும் செத்த பிறகு. நாவலில் பாலம் உடையாது, படத்தில் உடையும். இடம் இலங்கை, கித்துல்கல, களனி ஆறு. 1957 மார்ச்சில் பிரதமர் பண்டாரநாயக்கா உட்படப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பாலத்தை வெடிக்கப் போனார்கள். ஒரு கேமராக்காரரின் சிக்னல் வரவில்லை, வெடிக்காமல் ரயில் பாலத்தைக் கடந்து போய் அக்கரையில் மோதியது. மறுநாள்தான் வெடித்தது.

இத்தனைக்கும் பிறகு அது "பிரிட்டிஷ் கிளாசிக்".

நிக்கல்சன் பாத்திரமோ பிரிட்டிஷ் விறைப்பைக் கிண்டல் செய்கிறது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கி, கடைசியில் எதிரிக்கு நல்ல பாலம் கட்டிக் கொடுத்துவிட்டு நிற்கும் ஆள். டேம் பஸ்டர்ஸில் அநேகமாக எல்லாத் தகவலும் உண்மை, கேள்வி ஒன்றுகூட இல்லை. குவாயில் தகவல் எல்லாம் பொய், ஆனால் நிக்கல்சனைப் பார்த்துவிட்டு எந்த அதிகாரியையும் முழுசாக நம்ப முடியாது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு இரண்டாவது படம்தான் பிடிக்கும். எங்கள் வீட்டு ஆளை அழித்த படமும் அதுதான்.

12 ஜனவரி, பின்னிரவு

தூக்கம் வராமல் இன்னொரு விஷயம். பூல் போருக்கு முன்னால், 1936 முதல், மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இன்ஜினியர். தோட்டம் என்றால் லயம், கங்காணி, கிராணி, காலை மஸ்டர், தமிழ். தமிழ்க் கூலி யார் என்று தெரியாத பிரெஞ்சுக்காரர் இல்லை அவர். சின்னத்தாத்தாவும் அதே வருஷங்களில் அங்கேதான். ஒரே தோட்டம் என்று சொல்லவரவில்லை, அப்படிச் சொன்னால் நானும் நாடகக் கொட்டகை விளக்கு சீன் எழுதியவனாகிவிடுவேன்.

15 ஜனவரி

பொங்கல். ஊருக்கு வந்தேன்.

கோல்டிட்ஸ் பற்றிக் கேட்டவருக்கு அவசரமாக: ஜெர்மனியில் போர்க்கைதிகளை அடைத்த கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையில் ஒரு இந்தியர் இருந்தார், பிரேந்திரநாத் மஜும்தார், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். நேதாஜி ஆளாக மாறச் சொல்லி ஜெர்மானியர் கேட்டார்கள், மறுத்தார். கூட இருந்த ஆங்கிலேயர் தப்பிக்கும் திட்டங்களில் அவரைச் சேர்க்கவில்லை, தோல் நிறம் காட்டிக்கொடுக்குமாம். உண்ணாவிரதம் இருந்து வேறு முகாமுக்கு மாற்றல் வாங்கி, அங்கிருந்து தப்பி ஸ்விட்சர்லாந்துக்கே போய்விட்டார். 1955இல் கோல்டிட்ஸ் படம் வந்தது. தப்புவதைப் பற்றியே படம். தப்பிய இந்த ஆள் அதில் இல்லை.

மாட்டுக்குப் படையல் வைக்கக் கூப்பிடுகிறார்கள்.

16 ஜனவரி, இரவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பகல் முழுக்க யோசித்தேன்.

அத்தையிடம் (அப்பாவின் அக்கா, எண்பது தாண்டியாயிற்று) இந்த இழையைப் படித்துக் காட்டினேன். சின்னத்தாத்தா பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னது. "எங்கடா செத்தான்? நான் மூணாப்பு படிக்கையில மணியாடர் வந்துச்சே. மலாயாலேருந்து. பதினஞ்சு ரூவா. எங்கம்மா வாங்கமாட்டேன்னு தபால்காரனத் திருப்பி அனுப்புச்சு, அப்புறம் ஓடிப்போயி தெருமுக்குல மடக்கி வாங்கிக்கிச்சு."

அத்தை மூணாம் வகுப்பு என்றால் 1949. சயாம் ரயில் முடிந்து ஆறு வருஷம்.

என்ன அர்த்தம்? சின்னத்தாத்தா சயாமுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கலாம். போகாமலே இருந்திருக்கலாம். அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு கடிதத்தை நிறுத்தியிருக்கலாம், அப்பாயிக்கு அதைவிட ஜப்பான்காரன் மேலானவனாகத் தோன்றியிருக்கலாம். தம்பி மறந்துவிட்டான் என்று ஊரில் சொல்வதற்கு, தம்பியைப் பலி கொடுத்தார்கள் என்று சொல்லலாம். வருஷா வருஷம் மாளய அமாவாசைக்கு அப்பாயி ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போய்விட்டு வரும், செத்த தேதி தெரியாதவனுக்கு அன்றைக்குத்தான் எள்ளும் தண்ணீரும். அந்தப் பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன்.

பெர்சிவலைக் கிண்டல் செய்து ஐந்து நாள்தான் ஆகிறது.

17 ஜனவரி

நேற்றைய பதிவுக்கு நிறைய ஆறுதல் வந்திருக்கிறது, வேண்டாம். "அதனால் சயாம் கதையே உங்கள் குடும்பக் கட்டுக்கதையா" என்று கேட்டவருக்கு மட்டும் பதில். எங்கள் வீட்டு ஆள் விஷயத்தில் இருக்கலாம். அந்த 70,000 பேர் விஷயத்தில் இல்லை. ஒரு கிழவி தன் தம்பியை அந்த வரிசையில் சேர்த்துவிட்டது என்றால், அந்த வரிசை அவ்வளவு நீளமாக இருந்தது, ஊரில் நாலு வீட்டில் அப்படிப் போயிருந்தார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மலாயாவில் ஆள் பிடித்த விதத்தை அங்குள்ளவர்கள் சொல்வார்கள். முதலில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டினார்கள். போனவன் திரும்பவில்லை, பிறகு யாரும் வரவில்லை. அப்புறம் இலவச சினிமா என்று அறிவித்தார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றி, ரயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

என்ன படம் போட்டார்கள் என்று எங்கேயும் பார்த்ததில்லை.

19 ஜனவரி

சென்னை திரும்பியாயிற்று. சில உதிரிகள்.

படத்து ஜப்பானிய அதிகாரி சைட்டோ கர்னல், கொடுமைக்காரர். நிஜத்தில் தமர்க்கானில் சைட்டோ என்ற ஒரு சார்ஜண்ட் மேஜர் இருந்தார், மற்றவர்களோடு ஒப்பிட்டால் நியாயமான ஆள், போருக்குப் பிறகு டூஸியே அவருக்காகப் பேசினார். பெயர் தற்செயலாக ஒத்துப்போனதால் நல்லவர் பெயர் கெட்டது. ஹூக் கதைதான் இதுவும்.

ஜப்பானிய இன்ஜினியர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது, வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்தார் என்கிறது படம். இரும்புப் பாலத்தின் வளைந்த சட்டங்களை ஜாவாவிலிருந்து பெயர்த்து வந்து பொருத்தினவர்கள் அவர்கள். 415 கிலோமீட்டரை ஒன்றரை வருஷத்துக்குள் முடித்தவர்களுக்கு வேலை தெரியாது என்பதை எந்த பி.டபிள்யூ.டி. ஆளிடமும் சொல்லிப் பாருங்கள். தெரியாமல் போயிருந்தால் இவ்வளவு பேர் செத்திருக்க மாட்டார்கள்.

டன்கர்க் (1940இல் பிரான்ஸ் கடற்கரையில் சிக்கிய படையை மீட்ட கதை) பற்றி விரிவாக எழுத நேரமில்லை. 3,38,000 பேரை மீட்டதில் பெரும்பகுதி துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல்களில், சின்னப் படகுகளில் அல்ல. அந்தச் சமயம் பிரான்சில் கோவேறு கழுதைப் படையோடு இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். கழுதையும் படத்தில் வராது, சிப்பாயும் வரமாட்டான்.

22 ஜனவரி

அத்தை போன். டிரங்குப் பெட்டியில் மணியார்டர் கூப்பன் கிடைத்துவிட்டது, அப்பாயி சுருக்குப்பைக்குள் மடித்து வைத்திருந்ததாம். அண்ணன் மகன் வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பினான். தபால் முத்திரையில் 1949 தெரிகிறது, ஊர்ப் பெயர் தேய்ந்துவிட்டது. அனுப்பியவர் பெயர் சின்னத்தாத்தா பெயர் இல்லை. செய்தி எழுதும் இடத்தில் பென்சிலில் இரண்டு வரி. "பாக்கி" என்ற சொல் தெளிவாக இருக்கிறது, மற்றதைப் படிக்க முடியவில்லை. இருந்த சீட்டுப் பாக்கியை யாரோ நியாயஸ்தன் அனுப்பியதா, சம்பளப் பாக்கியா, தெரியவில்லை. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர் படித்துக் காட்டியிருப்பார்.

தெருமுக்கில் ஓடிப்போய் மடக்கியதற்கும் இந்தப் பெயருக்கும் நான் ஒரு கதை கட்டிவிட்டேன், மூன்று தடவை மாற்றியும்விட்டேன். இங்கே எழுதப்போவதில்லை.

23 ஜனவரி

அடடா. முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டவர் நடுவில் இரண்டு தடவை நினைவூட்டியிருக்கிறார், மன்னிக்கவும்.

க்ரூயல் சீ, 1953. அட்லாண்டிக்கில் வணிகக் கப்பல்களுக்குக் காவல் போகும் ஒரு சின்னக் கப்பல். நாவலை எழுதினவர் அப்படிப்பட்ட கப்பல்களில் வேலை செய்தவர். படத்துக்கு எடுத்ததும் நிஜமான அந்த வகைக் கப்பல்தான், போருக்குப் பின் கிரேக்கக் கடற்படையிடம் இருந்ததை வாங்கி வந்தார்கள். நடுவில் ஒரு சீன். வணிகக் கப்பல் மூழ்கித் தண்ணீரில் தத்தளிக்கிற மாலுமிகள், அவர்களுக்கு நேர் கீழே நீர்மூழ்கி இருப்பதாகக் கருவி சொல்கிறது. கேப்டன் குண்டு போடச் சொல்கிறார். நீர்மூழ்கி அங்கே இருந்ததா என்பது அவருக்குத் தெரியாது, நமக்கும் சொல்ல மாட்டார்கள்.

அதிலும் பெண்கள் வரும் பகுதி இழுவை, அங்கே போய் டீ போட்டுக்கொண்டு வாருங்கள். அந்த சீனுக்குள் திரும்பிவிடுங்கள். அறைத்தோழனையும் உட்கார வையுங்கள்.